பிரிக்ஃபீல்ட்ஸில் தமிழில் ஓர் அறவியல் வகுப்பு

சரி, தவறு என்பவை மனிதர் எல்லோருக்கும் பொதுவானவையா, அல்லது அந்தந்தச் சமூகம் தனக்கென வகுத்துக்கொண்ட வழக்கங்கள்தானா என்ற கேள்வியைத் தமிழிலேயே எடுத்துப் பேசும் வகுப்பு ஒன்று, கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் மாடி அறையில் சனிக்கிழமை மாலைகளில் நடக்கிறது. ஆறு வாரத் தொடருக்குக் கட்டணம் 120 ரிங்கிட். முன்படிப்பு எதுவும் தேவையில்லை. கார் நிறுத்த இடம் கிடைப்பது கடினம் என்பதால், கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் இறங்கி நடந்து வருவதே நல்லது.

முதல் வாரத்தில் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு நிகழ்ச்சியை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். பாரசீக மன்னன் டாரியஸ் தன் அவையிலிருந்த கிரேக்கர்களிடம், எவ்வளவு பொருள் கொடுத்தால் இறந்த தந்தையின் உடலை உண்பீர்கள் என்று கேட்க, எதற்கும் இணங்கமாட்டோம் என்கிறார்கள்; அவ்வாறு உண்பதையே கடமையாகக் கொண்ட வேறொரு மக்களிடம் உடலை எரிக்கச் சம்மதமா என்று கேட்க, அப்படிப் பேசுவதே பாவம் என்று அவர்கள் அலறுகிறார்கள். அடக்கம் செய்யும் மலாய்க்காரர்களும் தகனம் செய்யும் இந்துக்களும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் நம் ஊரில் இது எளிதில் விளங்கக்கூடிய கதை. முறை வேறானாலும் இறந்தவரை மதிக்க வேண்டும் என்ற எண்ணம் இரு தரப்புக்கும் ஒன்றுதான் என்று காட்டிய ஆசிரியர், எல்லா வேறுபாடுகளும் இத்தனை சுலபமாகத் தீர்ந்துவிடாது என்பதையும் உடனே சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அறம் சமூகத்துக்குச் சமூகம் மாறுவது என்பவர்களின் வாதத்தை வகுப்பு இளக்காரமாக நடத்தவில்லை. மனித உரிமைகளுக்கு உலகளாவிய பிரகடனம் தயாராகிக்கொண்டிருந்த 1947இல், அது மேற்கு நாடுகளின் மதிப்பீடுகளை மற்றவர்மீது சுமத்துவதாகிவிடக் கூடாது என்று அமெரிக்க மானுடவியல் சங்கம் எச்சரித்ததை ஆசிரியர் விரிவாக விளக்கினார். நாகரிகம் கற்பிக்கிறோம் என்ற பெயரில் ஆளப்பட்ட நாடுகளின் பிள்ளைகளான நமக்கு அந்த அச்சம் நியாயமானதே. அதே வேளையில், 1948 டிசம்பர் 10 அன்று ஏற்கப்பட்ட அந்தப் பிரகடனத்தில் ‘ஆண்கள் அனைவரும்’ என்று பொருள்படும் தொடரை ‘மனிதர் அனைவரும்’ என மாற்றப் போராடியவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா என்பதும், சீனாவின் பி. சி. சாங்கும் லெபனானின் சார்லஸ் மாலிக்கும் அதன் வரைவில் முன்னின்றவர்கள் என்பதும் மறக்கத்தக்கவையல்ல.

இந்த வகுப்புக்குப் போகவேண்டிய காரணம் நான்காம் வாரம்தான். 1941இல் கிள்ளான் வட்டார ரப்பர்த் தோட்டங்களில் இந்தியத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைத் தாளில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, கள்ளுக்கடைகளை மூடுவது, தோட்டத்துப் பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவற்றோடு, வெள்ளைக்காரத் துரைமார் எதிரே வரும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் போக உரிமை வேண்டும் என்பதும் அதில் இருந்தது. பிரிட்டிஷ் அரசு படையை அனுப்பியது, தொழிலாளர்கள் சிலர் சுடப்பட்டு இறந்தார்கள், தலைவர் ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார்.

அந்தக் காலத்து வழக்கத்தை வைத்துப் பார்த்தால் சைக்கிளிலிருந்து இறங்கச் சொன்னது தவறாகாதே என்று ஓர் இளைஞர் கேட்டார். பந்திங் பக்கத்துத் தோட்டத்தில் வளர்ந்த பெரியவர் ஒருவர், “யாரோட வழக்கம் தம்பி? எங்கப்பாவ யாரும் கேட்டு அந்த வழக்கத்த வைக்கலியே” என்றார். தோட்டத்தை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆன பிறகும், பெரிய கார் எதிரே வந்தால் தம் தந்தையின் கால் தானாகத் தரையில் ஊன்றும் என்றும் சொன்னார். ஒரு சமூகத்தின் அறம் அந்தச் சமூகம் ஒப்புக்கொண்டதே என்னும் வாதம், அங்கே ஒரே குரல்தான் இருந்தது என்று எண்ணிக்கொள்கிறது. அடி வாங்கியவர்கள் அன்றைக்கே, அதே இடத்தில் மறுத்திருக்கிறார்கள் என்றால், காலத்தைக் காரணம் காட்டி அடித்தவரை விடுவிக்க முடியாது. இதைத் தோட்டப்புற வாழ்க்கையிலிருந்தே எடுத்துக் காட்டியதற்காக ஆசிரியரை மனமாரப் பாராட்டுகிறேன்.

குறைகளும் உண்டு. ஐந்தாம் வாரத்தில் ‘பொய்மையும் வாய்மை இடத்த’ என்ற குறளையும், ‘ஈன்றாள் பசிகாண்பான் ஆயினும்’ சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யாதே என்ற குறளையும் அருகருகே வைத்து, வள்ளுவர் இரு பக்கமும் பேசுகிறார் என்று முடித்துவிட்டார்கள். இதை நான் ஏற்கவில்லை. குற்றமற்ற நன்மை விளைந்தால் மட்டுமே பொய்க்கு இடமுண்டு என்பது முதற்குறள். அங்கே சூழலுக்கேற்பச் செயல் மாறுகிறதே தவிர, அதை நிறுக்கும் அளவுகோல் ஆளுக்கு ஆள் மாறவில்லை. சூழலைக் கருதுவதும், எல்லாம் அவரவர் பார்வை என்று கைகழுவுவதும் வேறுவேறு என்பதை வகுப்பு இன்னும் தெளிவாகப் பிரித்திருக்க வேண்டும்.

மேற்கு நாடுகளின் மனித உரிமைக் கருத்துகள் ஆசியாவுக்கு அப்படியே பொருந்தாது என்று 1990களில் மலேசியாவின் மகாதீரும் சிங்கப்பூரின் லீ குவான் யூவும் முன்வைத்த ‘ஆசிய மதிப்பீடுகள்’ விவாதம், ஆசிய அரசுகள் வெளியிட்ட 1993 பாங்காக் பிரகடனம் உட்பட, கடைசி வாரத்தில் தேநீர் இடைவேளைக்குப் பின் எஞ்சிய நேரத்தில் அவசரமாகச் சொல்லி முடிக்கப்பட்டது. நம் நாட்டிலேயே நடந்த விவாதத்துக்கு ஒரு முழு மாலை ஒதுக்குவதே முறை. படிப்புத் தாள்களின் நகல் மங்கலாக இருப்பதால் வயதானவர்கள் வாசிக்கச் சிரமப்படுகிறார்கள். இதையும் ஆசிரியரிடம் தெரிவித்தேன். அடுத்த தொடரில் எழுத்தைப் பெரிதாக்கித் தருவதாகவும், ஆசிய மதிப்பீடுகளுக்குத் தனி வாரம் ஒதுக்குவதாகவும் கூறினார். தோட்டத்தில் வளர்ந்த பெற்றோர் இருந்தால், நான்காம் வாரத்துக்கு அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்; அனுமதி உண்டு, தனிக் கட்டணம் கேட்பதில்லை.