இரண்டு பக்கத் திட்டத்தோடு மூன்று ஆண்டுகள்

அமெரிக்காவில் என்.ஐ.எச். எனப்படும் தேசிய சுகாதார நிறுவனங்களின் தரவு மேலாண்மை, பகிர்வுக் கொள்கை 2023 ஜனவரி 25 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன்கீழ் மானியம் பெற்ற ஓர் ஆய்வகத்தில் தரவுப் பொறுப்பாளராக இருந்த அனுபவத்தை இங்கே பதிகிறேன். 2003ஆம் ஆண்டின் பழைய விதி, ஏதேனும் ஓர் ஆண்டில் 5 லட்சம் டாலரோ அதற்கு மேலோ நேரடிச் செலவு கேட்டவர்களை மட்டுமே கட்டுப்படுத்தியது. இப்போது அறிவியல் தரவை உருவாக்கும் ஆய்வு என்றால், தொகை சிறியது என்று சொல்லித் தப்ப முடியாது.

ஆய்வுத் தரவை எப்படிப் பேணி, பிற ஆய்வாளர்களோடு பகிர்வோம் என்று விண்ணப்பத்தோடு ஒரு திட்டம் தரவேண்டும்; அது இரண்டு பக்கங்களுக்குள் இருந்தால் போதும் என்றார்கள். ஆறு தலைப்புகளில் அதை ஒரே பிற்பகலில் எழுதி முடித்துவிட்டோம். அந்த வேகம்தான் பின்னாளில் எங்களைப் படுத்தியது.

எங்கள் மாதிரிகளில் ஒரு பகுதி முந்தைய ஆய்வு ஒன்றில் சேகரித்தது. அதில் பங்கேற்றவர்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தில், தகவல்களை ஆய்வுக் குழுவினர் மட்டுமே பார்ப்பார்கள் என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் ஆண்டில்தான் அதைக் கவனித்தோம். சட்டமும் அறநெறியும் ஒப்புதலும் தடுக்கும் இடங்களில் பகிர்வைக் குறைத்துக்கொள்ளக் கொள்கையே இடம் தருகிறது. ஆனால் காரணத்தைத் திட்டத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நாங்கள் சொல்லாததால், திட்டத்தைத் திருத்தி என்.ஐ.எச்.இடம் மறுபடியும் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று.

தரவிலிருந்து பங்கேற்றவர்களின் அடையாளம் நீக்கும் வேலை அதைவிட நுணுக்கமானது. ஹிப்பா எனப்படும் அமெரிக்க மருத்துவத் தகவல் தனியுரிமைச் சட்ட விதிகளின் ஒரு வழிமுறை 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்கிறது. தேதிகளில் ஆண்டு மட்டும் மிஞ்சும், 89க்கு மேற்பட்ட வயதுகள் ஒரே தொகுதியாகும். எங்களுக்கோ இரண்டு பரிசோதனைகளுக்கு இடையிலான கால இடைவெளிதான் உயிர்நாடி. எனவே ஒவ்வொரு வருகையையும் முதல் வருகையிலிருந்து கணக்கிட்ட நாள் எண்ணிக்கையாக மாற்றினோம். நோய் அரிதானது என்பதால், பெயரை நீக்கிய பிறகும் ஆளை ஊகிக்கக்கூடும் என்று அஞ்சி, விண்ணப்பித்து அனுமதி பெற்றவர்களுக்கு மட்டுமே திறக்கும் தரவுக் களஞ்சியத்தைத் தேர்ந்தோம்.

இதற்கிடையே, முதலாண்டுத் தாளில் ஆணுக்கு 1 என்றும் அடுத்த ஆண்டுத் தாளில் பெண்ணுக்கு 1 என்றும் குறித்திருந்தது தெரியவந்தது. குறித்தவர் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தார். எந்தக் குறியீட்டுக்கு என்ன பொருள் என்று சொல்லும் தரவு அகராதி இல்லாத அட்டவணை, எழுதியவருக்கே சில மாதங்களில் புதிராகிவிடும்.

கட்டுரை வெளியாகும் நாள், மானியம் முடியும் நாள் ஆகிய இரண்டில் எது முந்துகிறதோ அதற்குள் தரவைப் பகிர வேண்டும். எங்களுக்குக் கட்டுரை முந்திக்கொண்டது. தரவைச் சீராக்கும் உழைப்புக்கும் களஞ்சியக் கட்டணத்துக்கும் மானியத்தில் பணம் கேட்கலாம். ஆனால் அச்செலவு மானியக் காலத்துக்குள்ளேயே செய்யப்பட வேண்டும். நாங்கள் சேமிப்பிடத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு ஆள்கூலியை மறந்திருந்தோம். விளைவாக அந்தக் கோடைகால வார இறுதிகள் அகராதி எழுதுவதிலேயே கழிந்தன. இப்போது தயாராகும் புதிய விண்ணப்பத்தில், தரவுப் பணிக்கென ஒருவரின் கால் பங்கு ஊதியத்தை முதல் ஆண்டிலிருந்தே எழுதியிருக்கிறேன்.