வார்ட்டுத் தரையா, ஒழுங்கை மணலா: வீல்செயார் ஓட்ட எங்கே பழகுவது?

முள்ளந்தண்டில் அடிபட்டுப் புதிதாகச் செயாருக்கு வந்தவர்களின் வீட்டார் என்னிடம் கேட்பது இதைத்தான்: ஆஸ்பத்திரியில் பிசியோ காட்டித் தந்தது போதுமா, இல்லை ஏற்கெனவே செயாரில் ஓடித் திரிகிற ஒருவரிடம் பழக வேண்டுமா? தென்னையில் இருந்து விழுந்தவன் நான், இரண்டு இடத்திலும் பழகியிருக்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மட்டுமே பழக வேண்டியவை சில உண்டு. கட்டிலில் இருந்து செயாருக்கு மாறுவது, 15, 30 நிமிடத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து பிட்டத்தின் பாரத்தை எடுப்பது, அழுத்தத்தால் புண் வருகிறதா என்று கண்ணாடி பிடித்துத் தோலைப் பார்ப்பது எல்லாம் அங்கேதான் சரியாக வரும். நெஞ்சுப் பகுதி ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவருக்குச் சலம் போகிற குழாய் அடைத்தாலே பிரஷர் தாறுமாறாக ஏறி, தலை வெடிக்கிற மாதிரி வலித்து வியர்த்துக் கொட்டும், உயிருக்கே ஆபத்து. இதையெல்லாம் ஊராரிடம் கேட்டுப் பழகக் கூடாது.

ஆனால் வார்ட்டுத் தரை வழுவழுப்பு. நான் வீட்டுக்கு வந்து ஓட்டோவில் இறங்கிய அன்றே, மட்டக்களப்பு கல்லடிப் பக்கத்து ஒழுங்கை மணலில் முன்னுக்கு இருக்கிற இரண்டு சின்னச் சில்லும் புதைந்து, தள்ளத் தள்ள இன்னும் கீழே போனதே தவிர செயார் நகரவில்லை.

திருக்கோவில் ஊர்ப் பக்கம் இருந்து வந்த அண்ணன் ஒருவர், அவரும் செயார்தான், பார்த்துவிட்டுச் சிரித்தார். "திருப்பு மனே. பெரிய சில்லை முன்னுக்கு விடு, சின்னது பின்னால இழுபட்டு வரும்." அவ்வளவுதான், செயார் பின்பக்கமாக ஊர்ந்தது. பிறகு முன்சில்லைத் தூக்கிப் பின்சில்லில் நிற்கப் பழக்கினார்: கொஞ்சம் பின்னால் உருட்டி, சட்டென்று முன்னால் ஒரு தள்ளு. விழுந்தால் நாடியை நெஞ்சோடு ஒட்டி, ஒரு கையை முழங்காலுக்குக் குறுக்கே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் சொந்த முழங்காலே முகத்தில் இடிக்கும். இதை வார்ட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அண்ணனிடமும் குறை உண்டு. தன் உடம்புக்குச் சரிவந்தது எல்லாருக்கும் வரும் என்று நினைப்பார். கழுத்தில் அடிபட்டவருக்கு நெஞ்சை நிமிர்த்திப் பிடிக்கிற கட்டுப்பாடு இருக்காது. அண்ணனின் செயாரில் பின்சில்லின் அச்சு முன்னுக்குத் தள்ளிப் பூட்டியது, முன்சில்லு இலேசில் தூக்கும். எனதோ இரும்புச் செயார், 18 கிலோ வரும், அவர் சொன்ன விசையில் தள்ளித் தள்ளி இரண்டு கிழமை தோள் பிடித்துக் கிடந்தேன். போன தோளுக்கு வேறு தோள் இல்லை, நமக்குக் காலும் அதுதானே.

வீடியோ பார்த்துப் பழகலாமா என்றால், கனடா டல்ஹவுசி பல்கலைக்கழகத்தின் செயார் பயிற்சிக் கையேடு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல சாமான். ஆனால் ஒரு கண் போனிலும் ஒரு கண் செயாரிலும் வைத்துக்கொண்டு தம்பி பின்னால் பிடிக்கிற கதை வேண்டாம்.

நான் சொல்வது, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவதற்கு முன் பிசியோவிடம் கேட்டு ஒரு தடவையாவது வெளியே கிரவலில் இறங்குங்கள், வீட்டுக்கு வந்த பிறகு செயார்க்காரர் ஒருவரைத் தேடுங்கள், உங்கள் அளவுக்கு அடிபட்டவராக இருந்தால் நல்லது. முன்சில்லைத் தூக்கப் பழகும்போது செயாரின் சட்டத்தில் பட்டி கட்டிப் பின்னால் நிற்பவர் பிடிக்கட்டும். பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டாதீர்கள், முடிச்சு வழுக்கும்.