சூப்புக்குக் கார்ன்ஃப்ளாரா, பருப்புத் தண்ணியா?

எங்கள் வீட்டில் சூப்பை எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து குடிப்பதில்லை. அப்பச்சி, அதாவது என் அப்பா, இப்போது எங்களோடு காரைக்குடியில்தான் இருக்கிறார். பல் கட்டிய பிறகு ராத்திரிக்கு அவருக்கு ஒரு கிண்ணம் சூப்பும் இரண்டு இட்லியும்தான், அதுவும் 6 மணிக்கே வேண்டும். பையன் டியூஷன் முடிந்து ஏழரைக்கு வருவான். வீட்டுக்காரர் கடை அடைத்து வர 9 ஆகிவிடும். ஒரு சட்டி சூப்பு மூன்று தடவை அடுப்பேறுகிறது. நான்கு விதமாகச் சூப்பு வைத்துப் பார்த்து ஒன்றில் நிலைத்ததற்கு அந்த 9 மணிக் கிண்ணம்தான் காரணம்.

பாக்கெட் சூப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெந்நீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் 5 நிமிடத்தில் ஆகிவிடும், பயணத்துக்கு உதவும். ஆனால் நாக்கில் முதலில் படுவது உப்பு. அப்பச்சிக்கு பிரஷர் இருக்கிறது, அதனால் அதை நிறுத்திவிட்டேன்.

அரைத்த சூப்பு அப்படியில்லை, அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு. பரங்கிக்காயும் கேரட்டும் சின்ன வெங்காயமும் வேகவைத்து, ஆறவிட்டு, மிக்ஸியில் அடித்தால் பட்டுப் போல வரும். சூடாக ஊற்றி மூடினால் ஆவி மூடியைத் தள்ளிவிடும், அவசரப்படக் கூடாது. உருளைக்கிழங்கை மட்டும் மிக்ஸியில் போடாமல் மத்தால் மசியுங்கள், அடித்தால் பசை மாதிரி இழுக்கும். பல் இல்லாதவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் இதைவிட இதமானது கிடையாது. ஆனால் இரண்டாம் தடவை சுடவைக்கும்போது அடிப்பிடிக்கிறது, குமிழி வெடித்துக் கையில் தெறிக்கிறது. பக்கத்திலேயே நின்று கிண்ட வேண்டும். கீரையை நான் இரண்டே தடவைதான் அரைத்துப் பார்த்தேன். பச்சை வாடை போகவில்லை, அது என் கைப்பக்குவமாகவும் இருக்கலாம்.

அடுத்தது ஹோட்டல் பாணி கார்ன்ஃப்ளார் சூப்பு. ரொம்ப நாள் இதைத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பொடியாக நறுக்கிய காயை வதக்கித் தண்ணீர் விட்டு, ஒரு மேசைக்கரண்டி மாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் கண்ணாடி போலப் பளபளப்பு வந்துவிடும். போன பொங்கலுக்கு நாத்தனார் குடும்பம் வந்திருந்தபோது பெரிய சட்டி நிறைய வைத்தேன். 6 மணிக்குக் குடித்தவர்கள் இன்னொரு கிண்ணம் கேட்டார்கள். 9 மணிக்கு மூடியைத் திறந்தால் மேலே தெளிந்த தண்ணீர், கீழே கூழ். திரும்பக் கொதிக்கவைத்துக் கிண்டினேன், கட்டி கரைந்தது, ஆனால் சூப்பு நீர்த்துவிட்டது. இன்னும் ஒரு கரண்டி மாவு கரைத்து ஊற்றினேன். கெட்டியானது, காயின் ருசி மட்டும் காணாமல் போனது. அன்று கடைசியாக வந்தவர்களுக்கு அதைக் கொடுக்க மனசு கஷ்டப்பட்டது.

கார்ன்ஃப்ளார் ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்துதான். சூட்டில் அதன் மணிகள் தண்ணீரைக் குடித்து ஊதுவதால்தான் அந்த வழவழப்பு. ஆறும்போது மாவுச்சத்து ஒன்றோடொன்று பின்னி இறுகும், இறுக இறுகக் குடித்த தண்ணீரை வெளியே விடும். மறுபடி கொதிக்கவிட்டுக் கிண்டினால் ஊதிய மணிகள் உடையும். தக்காளியின் புளிப்பு சேர்ந்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எச்சில் பட்டாலும் நீர்த்துப்போகும், ஏனென்றால் நம் எச்சிலுக்கே மாவுச்சத்தைக் கரைக்கும் குணம் உண்டு. குடித்த கரண்டியைச் சட்டிக்குள் விட்டால் ஆத்தா அதட்டுவார்களே, அதில் சுத்தத்தோடு இந்தக் காரணமும் இருக்கிறது.

அதன் பிறகுதான் பருப்புத் தண்ணிக்கு வந்தேன். வெண்டைக்காய் மண்டி என்கிற புளிக்கறிக்கு அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுகிற ஊர் இது. குழம்புக்குப் பருப்பு வேகவைக்கும்போது மேலாக வடித்த தண்ணீரில் மிளகைத் தட்டிப்போட்டு ஆத்தா எங்களுக்குக் கொடுத்ததுதான் நான் முதலில் குடித்த சூப்பு. பெயர்தான் அப்போது சூப்பு இல்லை.

நான்கு பேருக்கு இரண்டு மேசைக்கரண்டி துவரம்பருப்பு போதும். அதற்கு மேல் போட்டால் சாம்பார் வாசம் வந்துவிடும். குக்கரில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் காய்ந்ததும் அரைத் தேக்கரண்டி சோம்பு, சின்னத் துண்டு பட்டை, நகத்தளவு கல்பாசி. கல்பாசி எண்ணெயில் விழும்போது மண் நனைந்தது போல ஒரு வாசம் எழும், அந்த நிமிடமே பத்து சின்ன வெங்காயத்தையும் நாலு பல் பூண்டையும் போட்டுவிட வேண்டும், தாமதித்தால் கசந்துவிடும். சோம்பு, கல்பாசி வாசமெல்லாம் எண்ணெயில் நன்றாக இறங்கும். வெறும் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் பாதிகூட வராது. அன்னாசிப்பூ சேர்ப்பதானால் சோம்பைக் குறையுங்கள். இரண்டிலும் இருப்பது ஒரே வாசனைப் பொருள், கூடிப்போனால் சூப்பு தித்திக்கும்.

வெங்காயம் ஓரம் சிவந்ததும் இரண்டு தக்காளி, கேரட், பீன்ஸ், பருப்பு, கொத்தமல்லித் தண்டு. இலையை வெஞ்சனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், சூப்புக்குத் தண்டுதான் ருசி. ஒரு லிட்டர் தண்ணீரில் பாதியை இரண்டாம் தடவை அரிசி களைந்த தண்ணீராக ஊற்றுவேன். மூன்று விசில். ஆவி அடங்கியதும் பட்டையையும் தண்டையும் எடுத்துவிட்டு, பருப்பையும் தக்காளியையும் மத்தால் லேசாக மசித்து, உப்புப் போட்டு ஒரு கொதி. முட்டைக்கோஸ் போடுவதானால் இந்தக் கடைசிக் கொதியில்தான், குக்கரில் வெந்தால் வாடை சட்டி முழுக்க ஏறிவிடும்.

இந்தச் சூப்பும் வைத்திருந்தால் தெளியத்தான் செய்யும். பருப்பு அடியில் இறங்கிவிடும். ஆனால் அது வெந்து மசிந்த பருப்பு, ஒரு கிண்டு கிண்டினால் பழையபடி கலந்துவிடும். சுண்டியிருந்தால் அரை டம்ளர் வெந்நீர். ஒவ்வொரு தடவையும் தளதளவென்று கொதிக்கவைத்தே கொடுக்கிறேன், வெதுவெதுப்பாக நிறுத்துவதில்லை. 6 மணிக்கு இருந்ததைவிட 9 மணிக்குப் புளிப்பும் காரமும் கூடிப் பொருந்தியிருக்கிறது என்பது வீட்டுக்காரரின் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

மிளகை மட்டும் சட்டியில் போடாதீர்கள். தட்டிய மிளகின் வாசம் கொதிக்கக் கொதிக்கப் பறந்துவிடும், உறைப்பு மட்டும்தான் மிஞ்சும். வறுத்த மிளகும் சீரகமும் சமமாகச் சின்ன உரலில் இடித்து, மங்குக் கிண்ணத்தின் அடியில் ஒரு சிட்டிகை போட்டு, மேலே கொதிக்கும் சூப்பை ஊற்றுகிறேன். ஊற்றும்போதே வாசம் முகப்பு வரை போகும். அப்பச்சிக்குக் குறைத்தும் வீட்டுக்காரருக்குக் கூட்டியும் போட வசதி.

ஸ்வீட் கார்ன் சூப்பும் ஹாட் அண்ட் சோரும் பருப்புத் தண்ணியில் வராது. பையன் கேட்கிற நாளில் அவனுக்கு மட்டும் கார்ன்ஃப்ளார் கரைக்கிறேன், உட்கார்ந்த இடத்தில் குடித்து முடித்துவிடுவான். காளானுக்கு எது பொருந்தும் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு நான் வைத்ததில்லை. பருப்புத் தண்ணியில் மூன்று தடவை வைத்தேன், மூன்று தடவையும் சட்டி காலி.