கொளத்தூர் வண்ணமீன் கடைகள்: தங்கமீன் குஞ்சு எடுப்பவரின் பார்வையில்

சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளுக்கு, வரவேற்பறைத் தொட்டிக்கு நாலு மீன் வாங்கப் போகிறவரின் தேவை வேறு. வாங்கிய மீனிலிருந்து குஞ்சு எடுத்து, அவற்றுள் தேறியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த தலைமுறையை உருவாக்க நினைப்பவரின் தேவை வேறு. இந்த மதிப்பீடு இரண்டாமவருக்கானது. ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர், உயிர் உணவு ஆகியவற்றுக்கு நான் வேறெங்கும் போவதில்லை. குஞ்சு எடுப்பதற்கான தாய்மீன் (ஆணோ பெண்ணோ) தேடுபவர் மட்டும் சற்றுப் பொறுமையோடு போக வேண்டும்.

இங்கே பெரும்பாலும் இன்ச் கணக்கில்தான் விலை சொல்வார்கள். மூன்று இன்ச் ஒராண்டா வகைத் தங்கமீன் என்றால், வால் சீராக விரிந்த மீனும் ஒரு பக்கம் மடங்கிய மீனும் ஒரே விலைதான். பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவே லாபம். கண்ணாடித் தொட்டியில் பக்கவாட்டாகப் பார்த்து முதுகைச் சரிபார்த்த பிறகு, வெள்ளை பேசினில் விடச் சொல்லி மேலிருந்து வாலையும் உடலின் சமநிலையையும் பார்க்க வேண்டும். ஜப்பானில் மேலிருந்து பார்ப்பதற்கென்றே வளர்த்தெடுக்கப்பட்ட ரஞ்சு வகைத் தங்கமீனுக்கு இது மிகவும் அவசியம். முதுகுத் துடுப்பே இருக்கக் கூடாத அந்த இனத்தில், முதுகுக் கோட்டில் முள் போன்ற சிறு மேடு தட்டுப்பட்டாலும் அந்த மீனைத் தாய்மீனாக எடுக்கக் கூடாது. நல்ல பெற்றோருக்கே இத்தகைய குஞ்சுகள் ஏராளமாகப் பிறக்கும் என்பதால், அவற்றைக் கழித்துக்கொண்டே இருப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கில் பாதி வேலை.

‘ஜோடி’ என்று பையில் கட்டித் தருவதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கடையில் எனக்கு ஜோடி என்று கொடுத்த இரண்டும் பெண்ணாக இருந்தன. கேட்டபோது மாற்றித் தந்தார்கள் என்றாலும், முகம் கொடுத்துப் பேசவில்லை. முட்டையிடும் பருவத்தில் ஆண் மீனின் செவுள் மூடியிலும், பக்கத் துடுப்பின் முன் விளிம்பிலும் உப்புத் தூவியது போல வெண்புள்ளிகள் வரிசையாகத் தெரியும். வெண்புள்ளி நோயென்றால் புள்ளிகள் உடலெங்கும், வாலிலும் கூடச் சிதறிக் கிடக்கும். ஒரே தொட்டி மீன்கள் ஒரே ஈற்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால், ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு கடைகளில் எடுப்பது என் வழக்கம்.

கலிக்கோ, அதாவது பல நிறத் திட்டும் புள்ளியும் கொண்ட தங்கமீன் விஷயத்தில் கடைக்காரர்கள் சொல்லாத ஒரு கணக்கு உண்டு. கலிக்கோவையும் கலிக்கோவையும் சேர்த்தால், குஞ்சுகளில் ஏறக்குறைய பாதிதான் கலிக்கோவாகும். கால்வாசி சாதாரண உலோகப் பளபளப்போடும், மீதிக் கால்வாசி பளபளப்பே இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்பில், பொத்தான் போன்ற கருங்கண்ணோடும் வரும். இந்த வெளிறிய மீனைப் பளபளப்பான மீனோடு சேர்த்தால் பிறப்பவை எல்லாமே கலிக்கோ வகைச் செதிலோடு இருக்கும், ஆனால் நிறமும் புள்ளியும் எப்படி அமையும் என்பது வேறு கதை. விலைபோகாது என்று வெளிறிய மீன்களைக் கடைகளில் வைப்பதே அரிது என்பதால், முன்கூட்டிச் சொல்லிவைத்து வாங்க வேண்டியிருக்கிறது. கேட்டால் ‘அது எதுக்கு சார், கலரே இல்லையே’ என்பார்கள்.

உணவு விஷயத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் ஊர் வெப்பத்தில் முட்டை இரண்டு மூன்று நாளில் பொரிந்துவிடும். வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பை வற்றிக் குஞ்சு நீந்தத் தொடங்கும்போது, ஆர்டிமியா என்ற பொடி உப்புநீர் இறால் கையில் இருந்தாக வேண்டும். ஆர்டிமியா முட்டை டப்பா முதல் உயிருள்ள மொய்னா என்ற நீர்ப்பூச்சி வரை இங்கே கேட்டால் கிடைக்கும். டியூபிஃபெக்ஸ் புழுவும் மலிவுதான், ஆனால் சாக்கடைச் சேற்றில் வளர்வது என்பதால் குஞ்சுகளுக்கு நான் கொடுப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசினில் விட்டுக் காட்ட யாருக்கும் நேரம் இருக்காது. வார நாளில் போனால் அதே கடைக்காரரே நின்று பேசுவார். எங்கே வாங்கினாலும், செதிலோரத்தில் நூல் போல நீட்டிக்கொண்டிருக்கும் நங்கூரப் புழு இருக்கிறதா என்று பையைக் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டு, வீட்டில் மூன்று வாரமாவது தனித் தொட்டியில் வைத்த பிறகே பழைய மீன்களோடு சேர்க்க வேண்டும்.