படம் திக்காத டிவி: கொழும்புக் கடைகளில் எதைப் பார்த்து வாங்குவது

காலி வீதியில் கொள்ளுப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை எந்த ஷோரூமுக்குள் நுழைந்தாலும், சுவரில் இருக்கும் அத்தனை டிவியும் வழுக்கிக்கொண்டு ஓடும். அவற்றில் ஓடுவது கம்பனி கொடுத்த டெமோ வீடியோ. பெரும்பாலும் செக்கனுக்கு 50 அல்லது 60 பிரேம் உள்ளது. அதை ஒழுங்காக ஓட்டாத பனல் (டிவியின் திரை) எதுவும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு படத்தைப் போட்டு, கமரா வயலுக்குக் குறுக்கே மெதுவாக நகரும் காட்சி வரும்போதுதான் தென்னைமரம் தத்தித் தத்திப் போவது கண்ணில் படும். அதற்குள் பெட்டியைக் கிழித்தாயிற்று, தவணையும் தொடங்கியாயிற்று.

கணக்கு இதுதான். சினிமா செக்கனுக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். ஸ்ட்ரீமிங்கிலும் புளூரேயிலும் பெரும்பாலும் 23.976. சாதாரண பனல் செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கும், அதாவது 60 ஹேர்ட்ஸ். 60ஐ 24ஆல் வகுத்தால் 2.5. அரை முறை காட்ட முடியாதே! ஆகவே ஒரு பிரேமை 3 முறையும் அடுத்ததை 2 முறையும் மாற்றி மாற்றிக் காட்டும். ஒன்று 50 மில்லிசெக்கன் நிற்கும், அடுத்தது 33. நொண்டி நடை என்றால் இதுதான். சண்டைக் காட்சியில் தெரியாது. மெதுவாக நகரும் கமராவிலும் கடைசியில் மேலேறும் பெயர்ப் பட்டியலிலும் பளிச்சென்று தெரியும். 120 ஹேர்ட்ஸ் பனலில் ஒவ்வொரு பிரேமும் சரியாக 5 முறை, அதாவது 41.7 மில்லிசெக்கன், நிற்கும். சில 60 ஹேர்ட்ஸ் பனல்களும் 24 சிக்னல் வந்தால் 48க்கு இறங்கி, பிரேமுக்கு 2 முறை என்று சமமாகக் காட்டிவிடும். ஆகவே பார்க்கவேண்டியது எத்தனை ஹேர்ட்ஸ் என்பதைவிட, ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு நேரம் நிற்கிறதா என்பதை.

ஆனால் கடையில் கிடைப்பது ஹேர்ட்ஸ் எண் மட்டும்தான், அதுவும் நேர்மையான எண் இல்லை. "அண்ணன், இது 120 ஹேர்ட்ஸா?" என்றால் "ஓம், 120தான்" என்று பதில் வரும். பெட்டியிலும் அப்படித்தான் அடித்திருக்கும். சாம்சங்கின் மோஷன் ரேட், சோனியின் மோஷன்ஃப்ளோ எண், எல்ஜியின் ட்ரூமோஷன் எல்லாம் மென்பொருள் வேலையைச் சேர்த்துச் சொல்லும் விளம்பர எண்கள். எம்ஈஎம்சி 120 என்றால் நடுவில் பொய்ப் பிரேம் செய்து சொருகும் வசதி என்று மட்டுமே பொருள். டிசிஎல் சி635 போன்ற மொடல்களில் வந்த டிஎல்ஜி 120 இன்னொரு தந்திரம்: பனல் 60 ஹேர்ட்ஸ்தான், இரண்டிரண்டு வரிகளை ஒன்றாக இயக்கி 120 ஆக்குவார்கள். விலையாகப் போவது நெடுக்குத் தெளிவில் பாதி. கேம் விளையாட உதவும். படம் பார்க்க அதை 120 என்று எண்ணி வாங்காதீர்கள். கேட்கவேண்டிய சொல் 'நேட்டிவ் ரிஃப்ரெஷ் ரேட்'. அதில் 50/60 என்று இருந்தால் மற்ற எண்களை மறந்துவிடலாம்.

மொடல்களுக்கு வருவோம். எல்ஜி சி3 ஓலெட்டில் (ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் வகை) பனல் உண்மையான 120. நான்கு எச்டிஎம்ஐ வாயும் 2.1 (வெளியிலிருந்து 120 சிக்னலை ஏற்கும் பதிப்பு). 24 பிரேம் சமமாக ஓடும். ரியல் சினிமா என்ற தெரிவு திறந்திருந்தால் போதும். எல்ஜிக்கு இங்கே ஏஜென்டாக ஏபான்ஸ் இருப்பதால் வொரன்டிக்கு அலையவேண்டியதில்லை. விலை குறைந்த பி3யும் இதே வேகம்தான். படத்துக்கு மட்டும் என்றால் அது போதும். ஆனால் ஓலெட்டின் குறை ஒன்றைக் கடைக்காரர் சொல்லமாட்டார். பிக்சல் கண நேரத்தில் மாறிவிடுவதால், 41.7 மில்லிசெக்கன் அசையாமல் நின்ற பிரேம் சட்டென்று அடுத்ததற்குத் தாவும். எல்சிடியில் பிக்சல் மெதுவாக மாறும்போது வரும் சிறு மங்கல் அந்தத் தாவலை மூடிவிடும். ஓலெட்டில் மூட எதுவும் இல்லை. படம் சமமாகவே ஓடுகிறது, ஆனாலும் திக்குவதுபோல் இருக்கும், வெளிச்சம் கூடிய எச்டிஆர் காட்சியில் இன்னும் கூடுதலாக. செட்டிங்கில் ட்ரூமோஷனுக்குள் சினமாட்டிக் மூவ்மென்ட்டைப் போடலாம், அல்லது யூசர் செலக்ஷனுக்குப் போய் டி-ஜடரை (தத்தலைக் குறைக்கும் அளவு) 2 அல்லது 3இல் வைக்கலாம். 5ஐத் தாண்டினால் எந்தப் படமும் மெகா சீரியல்போல் ஆகிவிடும்.

சோனி எக்ஸ்90எல் எல்சிடி, பனல் 120. எங்கள் கணக்கில் படத்துக்கு முதல் இடம் இதற்குத்தான். காரணம், 60 ஹேர்ட்ஸ் சிக்னலுக்குள் 3-2 என்று அடைத்து வந்த படத்தையும் பிரித்தெடுத்து 24 ஆக்கிவிடும். கேபிள் பெட்டி, பழைய ஸ்ட்ரீமிங் ஸ்டிக் எதைச் செருகினாலும் கவலையில்லை. சினிமோஷனை ஹையிலும் ஸ்மூத்னஸை மினிமத்திலும் வையுங்கள். அதே சோனியின் எக்ஸ்80எல் 50/60 பனல். பெயரில் பத்துதான் வித்தியாசம், பொருள் வேறு. சாம்சங்கில் கிரிஸ்டல் யூஎச்டி வரிசை 50/60. அவற்றுள் சில 24 சிக்னலைத் திக்காமல் காட்டும், ஆனால் செருகிய ஸ்ட்ரீமிங் பெட்டி உண்மையாகவே 24 அனுப்பினால் மட்டும். இன்னொன்று, ஒரே வரிசையில் 55 அங்குலத்திலும் அதற்கு மேலும் 120 இருக்க, 43, 50 அங்குலங்களில் 60 போட்டுவிடுவதும் உண்டு. அனெக்ஸ் வீட்டுச் சின்ன ஹோலுக்கு 43 தேடுபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுவது.

இனி கடையில் சோதிக்கும் விதம். டாவின்சி ரிசால்வ் என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் 23.976 டைம்லைன் ஒன்றைத் திறந்து, டேட்டா பேர்ன்-இன்னில் டைம்கோடை (ஒவ்வொரு பிரேமுக்கும் மாறும் எண்) பெரிய எழுத்தில் போட்டு, ஒரு நிமிட வீடியோவை எச்264 எம்பி4 ஆக எடுத்துப் பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே கமரா மெதுவாக நகரும் படத்துண்டு ஒன்று. பென் டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் செய்தது என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு ஏறாது என்பதும் நினைவிருக்கட்டும். கடையில் முதலில் ஸ்டோர் மோடிலிருந்து ஹோம் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மாற்றிய செட்டிங் சில நிமிடத்தில் தானாகவே பழையபடி விவிட் என்ற பளீர்ப் பட நிலைக்குப் போய்விடும். பிறகு ஃபிலிம்மேக்கர் மோட் இருந்தால் அதைத் தெரிவுசெய்யுங்கள். டிவி, திரைப்பட நிறுவனங்களின் கூட்டமைப்பான யூஎச்டி அலையன்ஸ் 2019இல் அறிவித்த இந்த மோட், பொய்ப் பிரேம் சொருகுவதை ஒரே அடியில் நிறுத்திவிடும்.

இப்போது போனில் ஸ்லோமோஷனை 240 பிரேமுக்கு வைத்து, ஓடும் எண்ணை 3 செக்கன் படமெடுங்கள். திருப்பிப் போட்டுப் பார்த்தால் ஒவ்வொரு எண்ணும் போன் வீடியோவில் 10 பிரேம் நிற்கவேண்டும். 12, 8, 12, 8 என்று வந்தால் அது நொண்டுகிறது. எண்ணத் தேவையே இல்லை. எட்டு மடங்கு மெதுவாக ஓடும்போது ஒரு எண் 0.4 செக்கனும் அடுத்தது 0.27 செக்கனும் நிற்பதால் தாளம் தப்புவது பார்த்தவுடன் பிடிபடும். எண்களுக்கு நடுவே இரண்டும் கலந்த கலங்கல் உருவம் நெடுநேரம் நின்றால், பொய்ப் பிரேம் சொருகும் ஸ்மூத்திங் எங்கோ இன்னும் அணையவில்லை. சரியாக எண்ணவேண்டும் என்றால் வீட்டில் கம்ப்யூட்டரில் விஎல்சி பிளேயரைத் திறந்து 'ஈ' விசையைத் தட்டித் தட்டிப் பிரேம் பிரேமாக நகர்த்தலாம். யூஎஸ்பியில் தேறிய டிவி எச்டிஎம்ஐயிலும் தேறும் என்று உறுதியில்லை. லப்டொப்பைக் கொண்டுபோக முடிந்தால், விண்டோஸில் அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளேயில் 23 அல்லது 24 ஹேர்ட்ஸைத் தெரிவுசெய்து அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

டிவி நல்லது, ஆனாலும் திக்குகிறது என்றால் பெரும்பாலும் குற்றவாளி வெளியே செருகிய ஸ்ட்ரீமிங் பெட்டி. செட்டிங்கை மாற்றாவிட்டால் இந்தப் பெட்டிகள் பலவும் எந்தப் படத்தையும் 60க்கு மாற்றியே அனுப்பும். அப்பிள் டிவி 4கேயில் வீடியோ அன்ட் ஓடியோவுக்குள் மேட்ச் கொன்டென்ட், அதில் மேட்ச் பிரேம் ரேட்டைத் திறக்கவேண்டும். ஃபயர் டிவியில் டிஸ்ப்ளேக்குள் மேட்ச் ஒரிஜினல் பிரேம் ரேட். கோடி (Kodi) என்ற படம் ஓட்டும் செயலியில் பிளேயர், வீடியோஸ், அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரிஃப்ரெஷ் ரேட், ஓன் ஸ்டார்ட்/ஸ்டொப். படம் தொடங்கும்போது திரை ஓரிரு செக்கன் கறுத்துத் திரும்பும். பழுதில்லை, டிவி வேகம் மாறுகிறது. 23.976 படத்தை முழு 24இல் அனுப்பினால் ஏறக்குறைய 42 செக்கனுக்கு ஒருமுறை ஒரு சிறு தட்டல் வரும். கோடியில் இரண்டும் தனித்தனியாகப் பட்டியலில் இருக்கும், 23.98ஐ (23.976தான் அது) நீக்கிவிடாதீர்கள்.

டிவி சானல் படம் வேறு கதை. நமது ஒளிபரப்பு 50 ஹேர்ட்ஸ் வழி வந்தது. 24 பிரேம் படத்தை 25க்கு வேகமாக்கி ஓட்டுவார்கள். 2 மணி நேரப் படம் 5 நிமிடம் குறையும், சுருதியைத் திருத்தாவிட்டால் பாட்டு அரைச்சுரத்துக்குச் சற்றுக் குறைவாக மேலேறும். ஆனால் 25, 50க்குள் சரியாக இரண்டு முறை அடங்குவதால் எந்த மலிவு டிவியிலும் திக்காது. டயலொக், பியோ டிவிப் பெட்டிகளின் வெளியீட்டை 1080, 50 ஹேர்ட்ஸில் வைத்தால் போதும், கிரிக்கெட்டுக்கும் அதுவே சரி. யாரோ 60க்கு மாற்றிவிட்டால்தான் தொல்லை.

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் விலை பேசலாம். ஆனால் துபாய், சிங்கப்பூர் வழி வந்த பெட்டிக்கு வொரன்டி கடையுடையதா, ஏஜென்டுடையதா என்று முதலில் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் பெட்டியின் ஸ்டிக்கரில் உள்ள முழு மொடல் எண்ணை, கடைசி எழுத்துகள் உட்பட, பில்லில் எழுதச் சொல்லுங்கள். '55 அங்குல ஸ்மார்ட் டிவி' என்று மட்டும் எழுதிய பில்லை வைத்து, 120 பனலுக்குப் பதில் 60 வந்தது என்று யாரிடமும் போய் நிற்க முடியாது.