ஆர்கானா, கை லேசரா? ராணிப்பேட்டைப் பட்டறையிலிருந்து ஒரு கணக்கு

எங்களுடையது பெரும்பாலும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) வேலை. தோல் தொழிற்சாலைகளுக்குக் கெமிக்கல் டேங்க், வேலூர், ஆம்பூர் ஓட்டல்களுக்குச் சமையல்கட்டு மேஜை, சிங்க், அடுப்புக்கு மேலே புகைக்கூண்டு. 304 கிரேடு, 1 முதல் 3 மில்லிமீட்டர் தகடு. ஆர்கான் காஸ் சூழ மின்பொறியால் உருக்கி ஒட்டும் ஆர்கான் வெல்டிங் மெஷின்கள் ஏற்கெனவே இருந்தன. வேலை கூடியபோது இன்னொரு ஆர்கான் போடுவதா, லேசர் ஒளியால் உருக்கி ஒட்டும், கையில் பிடித்து ஓட்டுகிற 1500 வாட் கை லேசர் வாங்குவதா என்ற கேள்வி வந்தது. லேசரை வாங்கினோம். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். லேசர் விலைக்கு நல்ல ஆர்கான் மெஷின் நாலைந்து வாங்கலாம். பழையதை விற்கப் போனால் ஆர்கானுக்கு உடனே ஆள் வரும், லேசருக்கு வராது. 1500 வாட்டில் 3, 4 மில்லிமீட்டருக்கு மேலே போனால் திணறும். இங்கே பாய்லர் உதிரிகள் செய்யும் பெல் (BHEL) ஆலைக்கு உதிரிவேலை எடுத்து 8, 10 மில்லிமீட்டர் பிளேட் ஒட்டுபவர்களுக்கு இந்தக் கட்டுரையே வேண்டாம், கோ-டூ (CO2 காஸ்) வெல்டிங்தான் சரி. பாய்லர் பைப் வேலையில் ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறை) சான்று பெற்ற வெல்டரின் கை இல்லாமல் ஆகாது. அங்கே ஆர்கானை அசைக்க முடியாது.

வேகம் நாலு மடங்கு என்று விற்பவர்கள் சொல்வார்கள். நேரான நீளத் தையலில், அதாவது தகடுகளை ஒட்டும் கோட்டில், அது பெரிய பொய்யில்லை. மூலை, வளைவு, கைநுழையாத இடம் என்று வந்தால் அவ்வளவு கிடைக்காது. ஆனால் லேசரின் லாபம் ஒட்டும் நேரத்தில் இல்லை, ஒட்டி முடித்த பிறகு இருக்கிறது. ஆர்கானில் சிங்க் தொட்டி செய்தால் தையலின் இருபுறமும் நீலமும் பொன்னிறமுமாகச் சூடு ஓடியிருக்கும், தகடு அலை அலையாக நெளிந்திருக்கும். தட்டி நிமிர்த்தி, கிரைண்டர் போட்டு, கறை நீக்கும் அமிலப் பசையான பிக்லிங் பேஸ்ட் தடவிக் கழுவி, பளபளப்பாக்க பஃபிங் அடிக்க வேண்டும். லேசரில் சூடு ஒரு மெல்லிய கோட்டுக்குள் அடங்கிவிடுகிறது, தகடு கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. பஃபிங் வேலை பாதிக்கும் கீழே இறங்கியது. எஸ்.எஸ்.ஸுக்கு லேசரை ஆர்கான் காஸுக்குப் பதில் நைட்ரஜனிலேயே ஓட்டலாம் என்பதால் காஸ் செலவும் குறைவு.

சரி, அப்படியென்றால் எல்லோரும் வாங்கலாமா? இங்கேதான் பராமரிப்பு வருகிறது. என்னைக் கேட்டால் முடிவை எடுக்க வேண்டியதே அதை வைத்துத்தான்.

ஆர்கான் டார்ச், அதாவது கையில் பிடித்து ஒட்டும் கருவி, பட்டறைக்கென்றே பிறந்தது. அதன் டங்ஸ்டன் முனை மழுங்கினால் கிரைண்டரில் தீட்டு, செராமிக் மூக்கு உடைந்தால் மாற்று, அவ்வளவுதான். லேசர் டார்ச்சுக்குள் நாணயம் அளவில் ஒரு பாதுகாப்புக் கண்ணாடி இருக்கிறது. அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உட்கார்ந்தால் போதும். ஒளிக்கற்றை அந்தத் தூசியைச் சுட்டு, கண்ணாடியில் கருப்புப் புள்ளி விழும். கற்றை பலவீனமாகும், தையல் மேலோடு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் ஓட்டினால் பின்னால் இருக்கும் விலையுயர்ந்த லென்ஸுக்கும் சூடு போய்விடும். மாற்றும்போது மின்விசிறியை நிறுத்தி, கையைத் துடைத்து, கண்ணாடியை எடுத்த ஓட்டையை உடனே டேப்பால் மூட வேண்டும். பக்கத்து மேஜையில் கிரைண்டர் பொறி பறக்கும்போது இதைச் செய்யவே கூடாது. எங்கள் பட்டறையில் லேசருக்கென்று மூலையில் தடுப்பு எழுப்பியது இதற்காகத்தான்.

அப்புறம், லேசரைத் தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் சில்லர். தகரக்கூரைக்கு அடியில் கத்திரி வெயில் என்றால் என்னவென்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில்லரின் ரேடியேட்டர் இதழ்களில் தூசி படிந்தால் மத்தியானம் அலாரம் அடித்து மெஷின் நின்றுவிடும். வாரம் ஒருமுறை காற்றடித்துச் சுத்தம் செய்கிறோம், அதில் காய்ச்சி வடித்த தண்ணீர்தான் ஊற்றுகிறோம். ஐப்பசி மழையில் தொல்லை தலைகீழாக மாறும். காற்றில் ஈரம் ஏறியிருக்கும்போது சில்லர் தண்ணீர் அதிகம் குளிர்ந்திருந்தால், ஐஸ் தண்ணீர்த் தம்ளரின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல உள்ளே லென்ஸ் வேர்க்கும். அந்த நாட்களில் சில்லர் செட்டிங்கைச் சற்று ஏற்றி வைக்க வேண்டும்.

ராணிப்பேட்டைக்கே உரிய இன்னொரு கவலையும் உண்டு. தோல் கழிவுநீர் வாடை வரும் இடத்தில் காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது செம்பையும் வெள்ளியையும் கறுக்க வைக்கும், சர்க்யூட் போர்டுகளுக்கு ஆகாது. எங்கள் மெஷினுக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அது புதிது. ஒளியை உண்டாக்கும் லேசர் சோர்ஸ் ஒரு லட்சம் மணி நேரம் உழைக்கும் என்ற பேச்சை நம்பி நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

எங்கள் மூத்த வெல்டர் முதல் நாள் டார்ச்சைக் கையில் வாங்கி ஒரு தையல் ஓட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எனக்கு இன்னா வேல கீது மொதலாளி?” என்று கேட்டார். இப்போது லேசரைப் பழகிய பையன்கள் தகட்டை ஒட்டுகிறார்கள். டேங்கின் பைப் இணைப்பு, ஃபிளாஞ்ச், ரிப்பேர் எல்லாம் அவருடைய ஆர்கானில்தான். ஓட்டை விழுந்த பழைய டேங்கை அடைக்க இன்றும் லேசரைத் தொடுவதில்லை.

கண் விஷயத்தில் மட்டும் யாரும் சமரசம் செய்யக்கூடாது. இந்த ஒளி சுமார் 1080 நானோமீட்டர், கண்ணுக்கே தெரியாது. பளபள தகட்டில் பட்டுத் திரும்பினால் தூரத்தில் நிற்பவனுக்கும் ஆபத்து. சாதாரண வெல்டிங் கறுப்புக் கண்ணாடியை நம்பாமல், அந்த அலைநீளத்துக்கென்று சான்று உள்ள கண்ணாடியைப் பக்கத்தில் நிற்பவர் உட்பட எல்லோருக்கும் வாங்குங்கள்.

டெமோ பார்க்கப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் துல்லியமாக வெட்டிய துண்டில் ஒட்டிக் காட்டுவதைப் பார்த்து மயங்க வேண்டாம். இரண்டு தகட்டுக்கு நடுவே இடைவெளி இருந்தால் லேசர் கற்றை அதன் வழியே போய்விடும். ஆர்கான் வெல்டர் இடைவெளியை நிரப்பும் ஃபில்லர் கம்பி வைத்துச் சமாளிப்பதை இது ஓரளவுக்குத்தான் செய்யும். உங்கள் பட்டறையிலேயே மோசமாக வெட்டிய, வளைத்த துண்டுகளை ஒரு பையில் போட்டு எடுத்துப் போய், அதில் ஒட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஒட்டவில்லை என்றால் லேசருக்கு முன்னால் தகடு வெட்ட நல்ல ஷியரிங் மெஷினும் வளைக்க பெண்டிங் மெஷினும் வாங்க வேண்டியிருக்கும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.