ராமேஸ்வரம் வீதிகளுக்கு எது பொருந்தும்: உயர்ந்த நடைபாதையா, சமதளத் தெருவா?

அக்னி தீர்த்தத்தில் குளித்துவிட்டு ஈரத்துணியோடு கிழக்குக் கோபுரத்தை நோக்கி வருகிறவர்களின் கால்களை மட்டும் ஒரு காலைப்பொழுது முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். செருப்பில்லாத கால்கள், கடல்நீர் சொட்டும் கால்கள். மகனின் தோளைப் பற்றிக்கொண்டு ஒவ்வோர் அடியாக வைக்கும் வடநாட்டு மூதாட்டியின் கால்கள். உள்ளே 22 தீர்த்தங்களிலும் நனைந்த பிறகு அதே கால்கள் இன்னும் ஈரமாகத் தெருவுக்குத் திரும்பும். இவற்றுக்கு நடுவே ஆட்டோவும், சங்குமாலை விற்பவரின் தள்ளுவண்டியும், பள்ளிக்குப் போகும் உள்ளூர்ப் பிள்ளைகளும், மீன் கூடையைச் சுமந்து வரும் பெண்களும் நகர்ந்துகொண்டிருப்பார்கள். இத்தனை பேருக்கும் ஒரே தெரு. அதை எப்படிப் போடுவது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. தரையிலிருந்து உயர்த்தி, ஓரக்கல் வைத்துத் தனி நடைபாதை கட்ட வேண்டும் என்பது ஒன்று. மேடே இல்லாமல் சுவரிலிருந்து சுவர் வரை ஒரே தளமாகப் போட்டுவிடலாம் என்பது மற்றொன்று.

சில ஆண்டுகளுக்கு முன் பெரியம்மாவைச் சக்கர நாற்காலியில் வைத்து இந்தத் தெருக்களில் தள்ளிக்கொண்டு போனேன். நடைபாதை இருந்தது. ஆனால் அதில் ஏற வழியில்லை. ஏறிய ஓரிடத்தில் சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் சிக்கிக்கொண்டது. முன்பின் தெரியாத நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். அந்த அன்பை மறக்க மாட்டேன். ஆனால் பெரியம்மா அதன்பின் கோயிலுக்கு வர மறுத்துவிட்டார். நான்கு பேர் தூக்கித்தான் சாமி பார்க்க வேண்டுமென்றால் வேண்டாம் என்றார். இந்த ஒப்பீட்டை நான் எழுதுவது அந்த ஒரு பேச்சிலிருந்துதான்.

முதலில் உயர்ந்த நடைபாதை. அதன் பெரும் பலம் பாதுகாப்பு. பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் ஓரக்கல்லைப் போன்ற காவல் வேறில்லை. பார்வையற்றவருக்கு அதுவே வழிகாட்டும் கைப்பிடி. கோலால் தட்டிக்கொண்டே போகலாம், சாலை எங்கே தொடங்குகிறது என்பது கைக்குத் தெரியும். சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் நடைபாதைகளுக்காக வெளியிட்ட 103-ஆம் எண் வழிகாட்டி, ஓரக்கல் 150 மில்லிமீட்டருக்கு மேல் உயரக்கூடாது என்கிறது. நடக்கும் அகலம் 1.8 மீட்டராவது தடையின்றி இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே ஒதுங்காமல் கடக்க அவ்வளவு வேண்டும்.

காகிதத்தில் இது சரிதான். ரத வீதியில் வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற சரிவில் இருக்க வேண்டும். அப்படியானால் 150 மில்லிமீட்டர் ஏற 1.8 மீட்டர் நீளம் வேண்டும். விடுதி வாசலில் வண்டி நுழைய மூன்று மீட்டருக்கு நடைபாதையைத் தாழ்த்தினால், அதன் இருபுறமும் இந்தச் சரிவு வரும். ஒரு வாசலுக்கு 6.6 மீட்டர் போய்விடுகிறது. ஒன்பது மீட்டருக்கு ஒரு வாசல் என்று வையுங்கள், சமமாக மிஞ்சுவது 2.4 மீட்டர்தான். மீதியெல்லாம் இறக்கமும் ஏற்றமும். சக்கர நாற்காலியைக் கையால் உருட்டுகிறவருக்கு அது நடைபாதையாக இராது, அலைமேல் போகும் வள்ளமாகத்தான் இருக்கும். முழங்கால் தேய்ந்தவர்கள் பத்தடியில் சலித்துச் சாலையில் இறங்கிவிடுவார்கள். நம் ஊர்களில் நடைபாதை இருந்தும் ஜனங்கள் சாலையில் நடப்பதற்கு ஒழுங்கின்மையைக் காரணமாகச் சொல்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, தீவுக்கே உரிய சிக்கல். உயர்ந்த நடைபாதை பெரும்பாலும் சாக்கடையின் தலைமேல்தான் உட்காரும். மூடி சிமெண்ட் சிலாப். உள்ளே இரும்புக் கம்பி. உப்புக்காற்றும் ஈரமும் உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடித்துப் பருக்கும், சிமெண்ட் பிளந்து உதிரும். ஒரு சிலாப் உடைந்து சாய்ந்தால் அந்த நடைபாதை முழுவதும் பார்வையற்றவருக்கு நம்பத்தகாததாகிவிடும். கடலோரத்தில் மூடிக்குக் கருங்கல் பலகைதான் நிலைக்கும் என்பது என் கருத்து. சல்லடை மூடி வைத்தே ஆக வேண்டிய இடத்தில், துளை 12 மில்லிமீட்டருக்கு மேல் அகலக்கூடாது. நீள்துளை என்றால் நடக்கும் திசைக்குக் குறுக்காகவே இருக்க வேண்டும். பெரியம்மாவின் முன்சக்கரம் சிக்கிய இடத்தில் அது நீளவாக்கில் இருந்தது.

அடுத்தது சமதளத் தெரு. தடுக்கி விழ மேடில்லை, ஏறி இறங்கப் படியில்லை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் கூட்டம் சுவரோடு சுவராக நிறையும்போது, காலடியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஓரக்கல் எத்தனை பேரைச் சாய்க்கும் என்று யோசித்தால் இதன் அருமை புரியும். தேரோட்டத்துக்கும் இதுவே வசதி. இதற்கு முன்மாதிரி தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. மூன்றாம் பிரகாரத்தையே பாருங்கள். தூண்கள் இருபுறமும் உயர்ந்த மேடைகளில் வரிசைகட்டி நிற்கின்றன, நடுவே அகன்ற ஒரே சமதளம். ஜனங்கள் நடப்பது அந்தச் சமதளத்தில். மேடு தூணுக்கு, தளம் மனிதருக்கு. கோயிலுக்குள் தெரிந்த இந்த முறையை வாசலைத் தாண்டியதும் நாம் தலைகீழாக்கி, வண்டிக்குச் சமதளத்தையும் மனிதருக்கு மேட்டையும் கொடுத்துவிட்டோம்.

ஆனால் சமதளத்துக்கு இரண்டு பெரிய குறைகள் உண்டு, இரண்டையும் மறைக்கக்கூடாது. வண்டிகளைத் தடுக்க அங்கே எதுவுமில்லை. குத்துக்கற்கள் நடலாம். ஆனால் சக்கர நாற்காலி நுழைய இடைவெளி விட்டால் மோட்டார் சைக்கிளும் நுழையும். ஆகவே நேரக்கட்டுப்பாடும் அதைக் காக்கும் ஆளும் இல்லாத சமதளத் தெரு, மூன்றே மாதத்தில் இலவச வாகன நிறுத்துமிடமாகிவிடும். இரண்டாவது குறை பார்வையற்றவர்களுக்கு. ஓரக்கல் போனால் அவர்களுடைய கைப்பிடி போயிற்று. பிரிட்டனில் வண்டியும் மனிதரும் ஒரே தளத்தைப் பகிரும் தெருக்களை ஆசையாக அமைத்தார்கள். பார்வையற்றோர் தொடர்ந்து எதிர்த்ததையடுத்து, அத்தகைய புதிய திட்டங்களை நிறுத்திவைக்கும்படி 2018-ல் அரசே உள்ளாட்சிகளைக் கேட்டுக்கொண்டது. ஓரக்கல் எவ்வளவு உயரம் இருந்தால் காலும் கோலும் தவறாமல் உணரும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சோதித்துப் பார்த்ததில் கிடைத்த விடை 60 மில்லிமீட்டர்.

இந்த அறுபது எனக்குப் பிடித்த எண். மேலே போட்ட கணக்கை இதற்குப் போட்டால், ஏற 72 சென்டிமீட்டர் போதும். அதே ஒன்பது மீட்டரில் சமமாக மிஞ்சுவது நான்கரை மீட்டர். பாதித் தெரு நமக்குத் திரும்பக் கிடைக்கிறது, பார்வையற்றவரின் கைப்பிடியும் போகவில்லை. வண்டிகள் மெதுவாகப் போகும், ஆனால் முழுதாகத் தடுக்க முடியாத தெருக்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

ஆகவே ஊர் முழுவதற்கும் ஒரே விடை கிடையாது. பாம்பன், தங்கச்சிமடம் வழியாக வரும் 87-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் 150 மில்லிமீட்டர் நடைபாதை வேண்டும், விவாதமே இல்லை. கடக்கும் இடத்தில் மட்டும் நடைபாதையை இறக்காமல் சாலையை அந்த உயரத்துக்கு ஏற்றிவிட வேண்டும். வண்டி ஏறி இறங்கட்டும், பள்ளிப் பிள்ளை ஏன் இறங்க வேண்டும்? சன்னதித் தெருவும் ரத வீதிகளும் சமதளமாக, வண்டிகளுக்கு நேரம் குறித்து, கடைகளை ஒட்டாமல், பார்வையற்றோர் காலாலும் கோலாலும் உணரும் தொடுவுணர் ஓடுகளால் ஒரு தடம் போட்டு அமைய வேண்டும்.

அந்தத் தொடுவுணர் ஓடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானின் செய்இச்சி மியாகே உருவாக்கி, 1967-ல் ஒகயாமா நகரத் தெருவில் முதலில் பதிக்கப்பட்டவை அவை. நீளக்கோடு என்றால் போ, புள்ளிகள் என்றால் நில். இந்த இரண்டே சொல்தான் அந்த மொழியில். நம் ஊர்களில் அதை மஞ்சள் அலங்காரமாக நினைத்துக் கோட்டைக் கொண்டுபோய் மின்கம்பத்தில் முட்டவிடுகிறார்கள். அதை நம்பி நடக்கிற மனிதரை இடிக்க வைப்பதைவிட ஓடு பதிக்காமலே இருந்துவிடலாம். ராமேஸ்வரத்தில் மணலும் சேர்ந்துகொள்ளும். காற்று கொண்டுவரும் மணல் அந்த மேடுபள்ளத்தை நிரப்பிவிட்டால் ஓடு ஊமையாகிவிடும். தினமும் கூட்டுவதற்கு ஆளும் கூலியும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும்.

தரைக்கு என்ன போடுவது? எல்லோரும் உடனே சொல்வது பேவர் பிளாக். தோண்டிக் குழாய் போட்டுவிட்டுத் திரும்ப அடுக்கலாம், இடுக்கில் மழைநீர் இறங்கும். இரண்டும் உண்மை. ஆனால் ஓரம் சரித்த கற்கள் சக்கர நாற்காலியில் இருப்பவரின் முதுகெலும்பில் ஒவ்வொன்றாகத் தட்டும். அடித்தளம் மணலாக இருந்து சரியாக இறுக்காவிட்டால் ஆங்காங்கே அமிழ்ந்து தடுக்கும். மெருகேற்றிய கிரானைட் பார்க்க அழகு, ஈரக்கால் பட்டால் வழுக்கும். அக்னி தீர்த்தத்துக்கும் கோபுரத்துக்கும் நடுவே அதைப் போடுவது குற்றம் என்றே சொல்வேன். தீயில் வாட்டிச் சொரசொரப்பாக்கிய வெளிர்நிறக் கிரானைட்தான் அங்கே என் தேர்வு. உப்பு அரிக்காது, சக்கரம் உருளும், கால் பிடிக்கும். கடப்பா போன்ற கறுப்பு நிறக் கல் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் வெறுங்காலோடு வருகிறவருக்கு அது தோசைக்கல். வெளிர்நிறக் கல்லும் உச்சி வெயிலில் சுடத்தான் செய்யும். நிழலைத் தவிர வேறு மருந்தில்லை. உப்புக்காற்றுக்கு அஞ்சாத பூவரசும் புன்னையும் இந்தக் கரைக்குச் சொந்தமான மரங்கள். அவற்றின் அடியில் ஐம்பது மீட்டருக்கு ஒரு திண்ணை, எழுந்திருக்கப் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியோடு. சாதாரண இரும்புக் கைப்பிடி இங்கே சீக்கிரம் துருவாகிக் கையைக் கிழிக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

சங்கும் சிப்பியும் பனையோலைப் பெட்டியும் விற்பவர்களை அகற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வது தவறு. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்கு இடம் ஒதுக்கச் சொல்கிறது. மர வரிசையிலேயே அவர்களுக்கும் இடம் வரைந்துவிட்டால் நடக்கும் தடம் தானாகவே காலியாக இருக்கும்.

இதே மாவட்டத்தின் இன்னொரு கடலோர ஊரான கீழக்கரையின் சந்துகளுக்கு இந்த இரண்டு கட்சிகளுமே உதவாது. கார் நுழையாத சந்தில் நடைபாதை எதற்கு? அங்கே இடையூறு சந்துக்குள் நீண்டுகிடக்கும் வீட்டுப் படிகளும், திறந்த வாய்க்காலும், வேகமாக வரும் இருசக்கர வண்டியும்தான். வாய்க்காலை மூடித் தளத்தைச் சமமாக்கினாலே, வீட்டுக்கு வீடு நடந்து பழகிய வயதான பெண்கள் மறுபடியும் வெளியே வருவார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. அணுகல் விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்தால் போதாது, கட்டாயமாக்குங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் சொல்லியும் இருக்கிறது. நான் கேட்பது அதைவிடச் சிறியது. டெண்டர் விடுமுன் சன்னதித் தெருவில் பத்து மீட்டருக்கு மாதிரி போட்டுக் காட்டுங்கள். ஒரு வாளி கடல்நீரை ஊற்றிவிட்டு, கோல் பிடித்தவர், சக்கர நாற்காலியில் வருபவர், இடுப்பில் பிள்ளையோடு ஒரு தாய், தலையில் கூடையோடு ஒரு மீன்காரம்மா என்று நான்கு பேரை அதில் நடக்க விடுங்கள். நாற்காலியைத் தள்ள நான் வருகிறேன். பெரியம்மாவையும் கேட்டுப் பார்க்கிறேன்.